கோர்ட்டுக் காகிதத்தின் தலைப்பை அறியும் முறை

கோர்ட்டுச் சேவகர் வாசலில் வந்து நின்று ஒரு காகிதத்தை நீட்டும்போது, கிராமவாசிகளிற் பலர் முதலிற் கேட்பது, "எவ்வளவு ரூபாய்க்கு?" என்பதே. தொகை தெரிந்தவுடன் மனம் கலங்குகிறது. கையொப்பமிட்டு வாங்கிய காகிதம் எரவாணத்திற் செருகப்படுகிறது. வாய்தா நாள் கடந்துபோகிறது. அக்காகிதத்தின் முதல் ஏழெட்டு வரிகளை நிதானமாகப் படித்திருந்தால், எங்கே போகவேண்டும், எதைக் கேட்கவேண்டும், தமக்கு அதில் என்ன சம்பந்தம் என்பன யாவும் தெரிந்திருக்கும். அந்த வரிகளுக்கே தலைப்பு என்று பெயர்.

ஓர் உதாரணத்தைக் கொள்க. ஒரு விவசாயி தம் பங்காளி ஒருவர் உழவுமாடு வாங்குவதற்காகத் தனியார் ஒருவரிடம் எழுதிக்கொடுத்த 50,000 ரூபாய் கடனுக்கு ஜாமீன் நின்றார். கடன் தீரவில்லை. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடர்ந்தார். ஜாமீன் நின்ற விவசாயிக்குச் சம்மன் வந்தது. அதில் முதலிற் பங்காளியின் பெயரும் இரண்டாவதாகத் தம் பெயரும் இருக்கக்கண்ட அவர், "முதற்பேர் அவனுடையது, அவனே பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிட்டார். பங்காளியும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இருவர்மீதும் ஒருதலையாக டிக்ரி ஆயிற்று. பின்னர் ஒருநாள் விவசாயியின் நஞ்சை நிலத்தை ஜப்தி செய்யும் காகிதம் வந்தது. இந்த நஷ்டத்திற்கு அடிப்படை, தலைப்பிலுள்ள 2 என்னும் எண்ணின் பொருளை அவர் அறியாமற் போனதே.

தலைப்பின் அமைப்பு

பிராது, எதிருரை, மனு, அபிடவிட்டு, தீர்ப்பு, டிக்ரி, சம்மன் ஆகிய எல்லாக் காகிதங்களின் உச்சியிலும் தலைப்பு உண்டு. 1908-ஆம் வருஷத்து ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது ஆர்டர் 1-ஆவது ரூல், பிராதில் இன்னின்ன விவரங்கள் இருத்தல்வேண்டும் என்று விதிக்கிறது. அவற்றில் முதன்மையானவை கோர்ட்டின் பெயரும், வாதி பிரதிவாதிகளின் பெயர், விவரம், வசிக்கும் இடம் ஆகியவையுமாகும். தலைப்பின் மாதிரி பின்வருமாறு:

இன்ன ஊர் ஜில்லா முன்சீப் கோர்ட்டு சமூகம்

அசல் வழக்கு நம்பர் 45/2019

இன்ன கிராமத்தில் வசிக்கும், இன்னார் குமாரர், இன்ன வயதுள்ள இன்னார் — வாதி

எதிர்

1. இன்ன கிராமத்தில் வசிக்கும், இன்னார் குமாரர் இன்னார்
2. மேற்படி கிராமத்தில் வசிக்கும், இன்னார் குமாரர் இன்னார் — பிரதிவாதிகள்

7-ஆவது ஆர்டர் 1-ஆவது ரூலின்படி வாதி தாக்கல் செய்யும் பிராது

இம்மாதிரியில் ஐந்து உறுப்புகள் உள்ளன: கோர்ட்டு, நம்பர், கட்சிக்காரர், அவர்கள் நிற்கும் ஹோதா, காகிதத்தின் பெயர். இவற்றை ஒவ்வொன்றாக அறிதல் வேண்டும்.

முதல் உறுப்பு: கோர்ட்டின் பெயர்

1873-ஆம் வருஷத்துச் சென்னை ஸிவில் கோர்ட்டுச் சட்டம் ஜில்லா முன்சீப், சப் ஜட்ஜ், ஜில்லா ஜட்ஜ் என மூன்று படிகளை வகுத்தது. தாவாவின் பெறுமானத்தையும் தன்மையையும் பொறுத்து வழக்கு எந்தப் படியில் தொடங்கும் என்பது ஏற்படும். இவற்றிற்கு மேலுள்ளது ஐகோர்ட்டு. தமிழில் உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என எழுதப்பட்டிருப்பின் மலைக்கவேண்டுவதில்லை. பெயர் வேறாயினும் படிகள் இவையே.

ஒரே ஊரில் ஒரே படியிலுள்ள கோர்ட்டுகள் இரண்டு மூன்று இருத்தலும் உண்டு. அப்போது பிரதான கோர்ட்டு, கூடுதல் கோர்ட்டு, முதலாவது, இரண்டாவது என்னும் அடைமொழிகள் பெயரின் முன் நிற்கும். இந்த அடைமொழியைப் பாராமல் வேறு கோர்ட்டின் வாசலிற் காத்திருந்து, தம்மைக் கூப்பிடவில்லை என்று எண்ணி வீடு திரும்பியவர், மறுபுறத்தில் தம் பெயர் கூப்பிடப்பட்டு ஒருதலையாக உத்தரவானதைப் பின்னரே அறிய நேரும்.

ஐகோர்ட்டுக் காகிதமாயின் மற்றொன்றும் பார்த்தல் வேண்டும். 2004-ஆம் வருஷத்தில் மதுரையில் ஐகோர்ட்டின் கிளை ஏற்பட்டது. அங்கே தாக்கலாகும் வழக்குகளின் நம்பரோடு "எம்.டி." என்னும் குறி சேர்ந்து நிற்கும். அக்குறியைக் கண்டவர் சென்னைக்கு ரயிலேறவேண்டுவதில்லை.

காகிதத்தில் கோர்ட்டின் பெயரே இல்லை. ஒரு வக்கீலின் பெயரும் விலாசமும் மட்டும் உச்சியில் உள்ளன என்றால், அது வக்கீல் நோட்டீசு. கோர்ட்டுச் சம்மன் அன்று. வழக்கு இன்னும் தொடரப்படாதிருக்கலாம். அதனால் அதை அலட்சியஞ் செய்யலாகாது. தக்க மறுமொழி அனுப்புவது நன்று. சம்மனோ எனில், ஜட்ஜ் அல்லது அவரால் நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தரின் கையொப்பமும் கோர்ட்டு முத்திரையும் பெற்றிருத்தல் வேண்டும். அதனுடன் பிராதின் நகலும் வருதல் வேண்டும்.

இரண்டாம் உறுப்பு: நம்பரும் வருஷமும்

கோர்ட்டில் ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு பிராதும் ஸிவில் வழக்குப் பதிவேட்டில், அந்தந்த வருஷத்திற்கு முதல் எண்ணிலிருந்து வரிசையாகப் பதியப்படுகிறது. ஆகையால் 45/2019 என்றால், அக்கோர்ட்டில் 2019-ஆம் வருஷத்துப் பதிவேட்டில் 45-ஆவதாக ஏறிய வழக்கு என்பது பொருள். அதே நம்பர் மற்றொரு கோர்ட்டிலும் இருக்கும். அதே கோர்ட்டில் அடுத்த வருஷத்திலும் இருக்கும். கோர்ட்டு, நம்பர், வருஷம் மூன்றும் சேர்ந்தாலொழிய ஒரு வழக்கை அடையாளங் காண இயலாது. வக்கீலிடமோ கோர்ட்டு ஆபீஸிலோ விசாரிக்கச் செல்பவர் இம்மூன்றையும் குறித்துக்கொண்டு செல்வாராயின், ஒரு நாழிகையில் முடியும் காரியத்திற்கு இரண்டு நாள் அலையவேண்டியிராது.

நம்பருக்கு முன்னுள்ள எழுத்துகள் வழக்கின் இனத்தைக் காட்டுவன. ஓ.எஸ். என்பது அசல் வழக்கு. ஐ.ஏ. என்பது அவ்வழக்கின் நடுவில் ஏதேனும் ஓர் உத்தரவு வேண்டிப் போடும் இடைமனு. ஏ.எஸ். என்பது முதல் அப்பீல், எஸ்.ஏ. என்பது ஐகோர்ட்டில் நடக்கும் இரண்டாம் அப்பீல். இ.பி. என்பது டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு. சி.சி. என்றிருந்தால் அது மாஜிஸ்திரேட்டு முன்னுள்ள கிரிமினல் வழக்கு, டபிள்யூ.பி. என்றிருந்தால் ஐகோர்ட்டில் தாக்கலான ரிட்டு மனு.

ஒரே காகிதத்தில் இரண்டு நம்பர்கள் காணப்படுதலும் உண்டு. "இ.பி. 12/2024, ஓ.எஸ். 45/2019-இல்" என்றிருப்பின், 2019-ஆம் வருஷத்து வழக்கில் ஏற்பட்ட டிக்ரியை நிறைவேற்ற 2024-இல் மனுப்போடப்பட்டது என்று கொள்க. வழக்குப் பழையதாயிற்றே என்று இதைத் தள்ளிவிடலாகாது. பணத்திற்கான டிக்ரியை நிறைவேற்றக் கோருவதற்குக் காலவரையறைச் சட்டம் 12 வருஷம் இடங்கொடுக்கிறது.

இப்போது கோர்ட்டுகளின் கணக்குகள் கம்ப்யூட்டரில் ஏறியுள்ளபடியால், ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் இலக்கமுமாகப் 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். நம்பர் ஒன்றும் உண்டு. இது ஒரு வழக்கிற்கு இருப்பது மற்றொன்றிற்கு இராது. ஈ-கோர்ட்டு சேவையில் இந்த நம்பரைக் கொடுத்தால் அடுத்த வாய்தா எந்நாள் என்பதைக் கிராமத்திலிருந்தபடியே அறியலாம். வந்த காகிதம் மெய்யா போலியா என்ற ஐயத்தையும் இவ்வழியே தீர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் உறுப்பு: கட்சிக்காரர்

வழக்குத் தொடர்பவர் வாதி, தொடரப்பட்டவர் பிரதிவாதி. மனுவாயின் மனுதாரர், எதிர்மனுதாரர் எனப்படுவர். அப்பீலாயின் அப்பீல்தாரர், எதிர் அப்பீல்தாரர் எனப்படுவர். டிக்ரி நிறைவேற்றும் மனுவில் டிக்ரிதார், தீர்ப்புக் கடனாளி என்று பெயர் மாறும். அசல் வழக்கிற் பிரதிவாதியாயிருந்தவர் தாம் ஒரு மனுப்போட்டால் அம்மனுவில் மனுதாரராகிறார். ஆகையால் "மனுதாரர் — 2-ஆம் பிரதிவாதி" என்று ஒருவருக்கே இரண்டு பெயர் காணப்படுவதில் பிழை யாதும் இல்லை.

தகப்பனார் பெயர், வயது, தொழில், கிராமம் ஆகியவற்றைத் தலைப்பில் எழுதுவது வீண் விரிவன்று. ஒரே பெயருடையார் ஒரே கிராமத்தில் நால்வர் இருத்தல் இயல்பு. பேரனுக்குப் பாட்டனார் பெயரிடும் வழக்கத்தால் ஒரே வீட்டிலும் இருவர் இருப்பர். விவரம் தமக்குப் பொருந்தவில்லையெனில், காகிதத்தை வாங்கும்போதே அதைச் சொல்லிக் குறிப்பெழுதச் செய்தல் நலம்.

இனி, முற்கூறிய விவசாயியின் காரியத்திற்கு வருக. பிரதிவாதிகளுக்கு 1, 2 என்று இடும் எண் அவர்களைச் சுட்டிப் பேசுவதற்கான அடையாளமேயன்றி, பொறுப்பின் முன்பின் வரிசையன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்பளவு உள்ளது. கடன் கொடுத்தவர் முதலில் கடன்பட்டவரின் சொத்தைத் தீர்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டுமென்பது பொதுவிதியன்று. ஆகவே இரண்டாம் பெயருடையாரும், பத்தாம் பெயருடையாரும், தம்மையே நோக்கி அக்காகிதம் வந்ததாகக் கொண்டு தாமே ஆஜராதல் வேண்டும். சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளைக்குள் எதிருரை தாக்கல் செய்தல் விதி. தக்க காரணம் எழுதி கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை நீளும்.

நான்காம் உறுப்பு: எந்த ஹோதாவில்

பெயருக்குப் பின்னோ முன்னோ வரும் சிறு சொற்களிலேயே பெரிய வித்தியாசங்கள் அடங்கியுள்ளன. ஒருவர் தமக்காக நிற்கிறாரா, பிறருக்காக நிற்கிறாரா என்பதை அவையே தெரிவிக்கும்.

மைனருக்கு 18 வயது நிரம்பாதபடியால் அவர் தாமே வழக்கு நடத்த இயலாது. வாதியாயின், மைனரின் பெயராலேயே அவருடைய தகப்பனாரோ மற்றொரு நெருங்கியவரோ நடத்துவார். பிரதிவாதியாயின் கோர்ட்டு ஒரு கார்டியனை நியமிக்கும். தலைப்பில் இவ்விருவர் பெயரும் காணப்படும். கார்டியனாக ஒருவர் பெயர் வந்தமையாலேயே அவருடைய சொந்த நிலம் அக்கடனுக்குப் பொறுப்பாகிவிடாது.

"காலஞ்சென்ற இன்னாரின் சட்டபூர்வமான பிரதிநிதி" என்று ஒருவர் பெயர் வந்தால், இறந்தவருடைய கடனுக்காக அவர் நிற்கிறார். இறந்தவர் சொத்தில் அவர் கைக்கு வந்து, முறைப்படி செலவாகாமல் நிற்கும் அளவிற்கே அவர் பொறுப்பாளி; தாம் சுயமாகச் சம்பாதித்ததற்குப் பொறுப்பில்லை. "பிரதிநிதி" என்னும் ஒரு சொல் தலைப்பில் இருப்பதா இல்லாததா என்பதை டிக்ரி ஆவதற்கு முன்பே கவனித்தல் எத்துணை முக்கியம் என்பது இதனால் விளங்கும்.

சர்க்கார்மீது வழக்காயின், தாசில்தார் அல்லது கலெக்டரின் சொந்தப் பெயரைத் தலைப்பில் எழுதுவதில்லை. மாநில அரசாயின் மாநிலத்தின் பெயராலும், மத்திய அரசாயின் இந்திய யூனியன் என்னும் பெயராலும் வழக்கு நடக்கும். அவசர நிவாரணம் வேண்டிக் கோர்ட்டின் அனுமதி பெற்ற சந்தர்ப்பம் நீங்கலாக, இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுத்திருத்தல் வேண்டும்.

கூட்டுறவு சங்கத்தின் பெயர்

பதிவுபெற்ற சங்கம் தன் அங்கத்தினரினின்று வேறான, தனியொரு சட்ட உரிமையுடைய அமைப்பாகும். 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவு சங்கச் சட்டத்தில் இவ்விதி உள்ளது. 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. அங்கத்தினரும் காரியதரிசியும் மாறினாலும் சங்கம் மாறுவதில்லை. ஆகவே தலைப்பில் பதிவுப் பத்திரத்திலுள்ள முழுப் பெயரையே எழுதி, "அதன் காரியதரிசி மூலமாக" என்று சேர்த்தல் வேண்டும். ஐக்கிய நாணய சங்கம் என்று முன்னாளில் வழங்கியது இந்நாளில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற பெயருடன் நிற்பின், இப்போதைய பதிவுப் பெயரே கொள்ளத்தக்கது.

காரியதரிசியின் பெயர் தலைப்பில் வந்தால் அவர் குடும்பத்தார் அஞ்சுவதுண்டு. "மூலமாக" என்னும் சொல் இருக்குமாயின் கோரிக்கை சங்கத்தின்மீதே. அச்சொல் இன்றி, அவர் பெயரும் தகப்பனார் பெயரும் தனியே ஓர் எண்ணுடன் காணப்பட்டால், அவரைச் சொந்த ஹோதாவிலும் சேர்த்திருக்கிறார்கள் என்று அறிந்து, அவர் தமக்கெனத் தனியே எதிருரை கொடுத்தல் அவசியம்.

சங்கத்திற்கும் அங்கத்தினருக்கும் இடையே சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், அலுவல் பற்றி உண்டாகும் தகராறுகள் மேற்படி 1983-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி ரிஜிஸ்திராரிடம் செல்வன. ஆகையால் சங்கக் கடன் பற்றிய காகிதத்தின் முதல் வரியில் முன்சீப் கோர்ட்டின் பெயருக்குப் பதிலாகக் கூட்டுறவு சங்கங்களின் துணைப் பதிவாளர் முன்னிலை என்று காணப்படலாம். கோர்ட்டு அன்றே என்று அதை ஒதுக்கிவிடலாகாது. அங்கே ஏற்படும் தீர்ப்பும் நிறைவேற்றப்படுவதே.

இறந்தவர் பெயரும் புதிய எண்களும்

வழக்கு நடக்கையில் ஒரு கட்சிக்காரர் இறந்தால், வழக்குரிமை தொடர்ந்து நிற்குமாயின், 90 நாளைக்குள் அவருடைய பிரதிநிதிகளைச் சேர்க்க மனுச் செய்தல் வேண்டும்; தவறினால் அவரைப் பொறுத்தமட்டில் வழக்கு அற்றுப்போகும். அவ்வாறு சேர்க்கப்பட்டபின், இறந்தவர் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவதில்லை. "1. இன்னார் (இறந்தார்)" என்றே வைத்து, மனைவி மக்களை 3, 4, 5 என்று கடைசியிற் சேர்த்து, எந்த மனுவின்மேல் எந்தத் தேதி உத்தரவால் சேர்க்கப்பட்டனர் என்பதையும் குறிப்பர். இறந்தவர் பெயருக்கு வந்த காகிதம் என்று அதைத் திருப்பியனுப்பும் குடும்பத்தார், கீழே தங்கள் பெயரும் இருக்கிறதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாம் உறுப்பு: காகிதத்தின் பெயர்

கட்சிக்காரர் பெயர்களுக்குக் கீழே, இது இன்ன காகிதம், இன்ன சட்டத்தின் இன்ன ரூலின்படி தாக்கலாகிறது என்று ஒரு வரி இருக்கும். கேட்கப்படுவது யாது என்பதை அவ்வரியே சொல்லிவிடும். 39-ஆவது ஆர்டர் 1, 2 ரூல்கள் என்றிருப்பின் தாற்காலிகத் தடையுத்தரவு கேட்கப்படுகிறது. 38-ஆவது ஆர்டர் 5-ஆவது ரூல் என்றிருப்பின் தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்கப்படுகிறது.

டிக்ரி நிறைவேற்றம் பற்றியவை 21-ஆவது ஆர்டரில் உள்ளன. அதில் 37-ஆவது ரூல் கடனாளியை ஸிவில் சிறையில் ஏன் வைக்கலாகாது என்று காரணங் கேட்பது; 54-ஆவது ரூல் நிலம், வீடு போன்ற ஸ்தாவர சொத்தை ஜப்தி செய்வது; 66-ஆவது ரூல் ஏல விளம்பரத்தைப் பற்றியது. முற்கூறிய விவசாயிக்கு வந்தது 54 என்ற எண்ணுடைய காகிதம். அதை அவர் உடனே அறிந்தமையால், 66 என்ற எண்ணுடையது வருமுன் வக்கீலை நாட இடமிருந்தது.

ஒருதலை டிக்ரியை நீக்கிக்கொள்ள 9-ஆவது ஆர்டர் 13-ஆவது ரூல் வழி காட்டுகிறது. டிக்ரி தேதியிலிருந்து 30 நாளைக்குள், சம்மன் முறைப்படி சார்வு ஆகாதிருந்தால் டிக்ரியை அறிந்த நாளிலிருந்து 30 நாளைக்குள், மனுச் செய்தல் வேண்டும். ஆனால் இவ்விவசாயி சம்மனைத் தம் கையாலேயே வாங்கியவர். ஆகவே அவர் தாமதத்திற்கும் ஆஜராகாமைக்கும் போதிய காரணங் காட்டவேண்டியவரானார். "இரண்டாம் பெயர்தானே என்றிருந்தேன்" என்பதைப் போதிய காரணமாகக் கொள்ளும்படி கோர்ட்டை இசைவித்தல் எளிதன்று.

தலைப்பிற் பிழை நேர்ந்தால்

எழுத்துப்பிழை, முதலெழுத்து மாறுதல் போன்றவை திருத்தத்தக்கவை. பிராதை 6-ஆவது ஆர்டர் 17-ஆவது ரூலின்படியும், தீர்ப்பிலும் டிக்ரியிலும் கைப்பிசகாக நேர்ந்ததை 152-ஆவது பிரிவின்படியும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஆளே மாறிப்போதல் வேறு. சரியான ஆளைப் பின்னாற் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை சேர்த்த நாளிலேயே வழக்குத் தொடர்ந்ததாகக் காலக்கணக்கு எண்ணப்படும். நல்லெண்ணத்தோடு நேர்ந்த தவறு என்று கோர்ட்டு திருப்தியடைந்தாலன்றி இதினின்று தப்ப வழியில்லை. பிராமிசரி நோட்டுக்குக் காலவரை 3 வருஷமே. எனவே வழக்குத் தொடர்பவர் வக்கீலிடம் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவற்றைப் பத்திரத்தைக் காட்டியே எழுதச் செய்து, கையொப்பமிடுமுன் வாசிக்கக் கேட்டல் வேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

கோர்ட்டுக் காகிதம் கைக்கு வந்த அன்றே, வந்த தேதியை அதன் மூலையிற் குறித்தல், கோர்ட்டு, நம்பர், வருஷம், தம் பெயருக்குரிய எண், தாம் நிற்கும் ஹோதா, காகிதத்தின் பெயர், வாய்தா தேதி ஆகிய ஏழையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொள்ளுதல், பின்னர் வக்கீலையோ, வசதியில்லாதவர் தாலூகா இலவசச் சட்ட உதவிக் குழுவையோ நாடுதல், இவ்வளவே போதும். படிக்கத் தெரியாதவருக்குச் சங்கத்தின் காரியதரிசியோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ இதை எழுதிக்கொடுக்கலாம்.

சங்கத்தில் ஜாமீன் கையொப்பம் போடவரும் ஒவ்வொருவருக்கும், பேனாவைக் கையில் எடுக்குமுன், மேற்கண்ட மாதிரித் தலைப்பை ஒருமுறை காட்டி, "கடன் தீராவிட்டால் தங்கள் பெயர் இந்த 2 என்னும் எண்ணுக்கு நேரே வரும்" என்று காரியதரிசி சொல்லிவைப்பது நன்று. நிலத்தை இழந்தபின் தலைப்பைப் படிக்கக் கற்பதிலும், கையொப்பமிடுமுன் கற்பது செலவு குறைந்தது.